ஆறு வோல்ட் வெளிச்சம்

ஹைதராபாத்தின் புத்லிபவுலிப் பக்கமும் செகந்தராபாத் ராணிகஞ்சிலும் பழைய பைக்குக்கு ஸ்பேர் தேடி அலைபவர்கள் உண்டு. அறுபது வருடத்துப் புல்லட்டுக்கும் அவர்கள் பிஸ்டன் தேடிப் பிடித்துவிடுவார்கள், சைலன்சர் பிடித்துவிடுவார்கள், பொறுமை இருந்தால் டேங்க்கையும் பிடித்துவிடுவார்கள். பெயிண்ட் அடித்து, குரோம் ஏற்றி, எல்லாம் முடிகிற நேரத்தில் ஒரு கேள்வி பாக்கி நிற்கும். டேங்க்குக்கு அடியிலும் ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் சுருண்டு கிடக்கிற பழைய வயரிங்கை என்ன செய்வது? அது வண்டியோடு பிறந்தது. கடையில் தொங்குகிற புது வயரிங் கிட்டின் விலையோ அதிகமில்லை.

பெரும்பாலான பட்டறைகளில் இதற்குப் பதில் உடனே வந்துவிடும்: பழையதை வெட்டி எறி, புதியதைப் போடு. பழமையை நேசிப்பவர்கள் சிலர் நேர் எதிராக, ஒரு வயரைக்கூடத் தொடக் கூடாது என்பார்கள். இரு தரப்பும் வயருக்கு ஒரே வேலைதான் என்று நினைக்கின்றன. உண்மையில் அதற்கு வேலை இரண்டு. மின்சாரத்தைக் கொண்டுபோவது ஒன்று. அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் எப்படி யோசித்தார்கள் என்ற செய்தியைச் சுமப்பது மற்றொன்று. முதல் வேலைக்கு வயது எதிரி; இரண்டாவது வேலைக்கு வயதே தகுதி. இதைப் பிரித்துப் பார்த்தால் கேள்வி தானாகத் தெளியும்.

எங்கிருந்து வந்த வயர்?

நம் ஊர்ப் பழைய பைக்குகளின் மின்சாரத்துக்குப் பூர்வீகம் வெளிநாடு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. செக்கோஸ்லோவாக்கிய ஜாவாவின் வழியில் மைசூரில் ஐடியல் ஜாவா 1961-இல் உற்பத்தியைத் தொடங்கி 1996 வரை நடந்தது. பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனம் டி.வி.எஸ். குழுமத்துடன் கைகோத்து 1961-இல் சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். ஆனது. தக்காணத்துச் சாலைகளில் ஓடிய புல்லட்டுக்குள் இருந்தது பர்மிங்ஹாமில் உருவான மின்சுற்று மரபு.

அந்த மரபுக்கு ஒரு நிற மொழி உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, இக்னிஷனுக்கு. நீலம், ஹெட்லைட்டுக்கு: நீலத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் ஹை பீம், சிவப்புக் கோடு இருந்தால் டிப். இந்த மரபையே பிற்பாடு பி.எஸ். ஏ.யூ. 7 என்ற பிரிட்டிஷ் தரநிர்ணயம் எழுத்தில் வைத்தது. இன்னும் பழைய வயர்களில் பருத்தி நூலைப் பின்னி மேலே உறையிட்டு, அந்தப் பின்னலுக்குள் வேறு நிற நூலை ஓடவிட்டு அடையாளம் காட்டினார்கள். ஒரு நூலின் நிறத்தைப் பார்த்தே வண்டியின் எந்த மூலைக்கு எது போகிறது என்று சொல்லிவிடலாம்.

ரப்பரும் செம்பும்

முதலில் வேதியியல். சுத்த ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் ரப்பருடன் கந்தகம் கலந்து சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டார். அந்த ரப்பர்தான் நெடுங்காலம் வயரின் தோல். ஆனால் கந்தகத்துக்குச் செம்பு என்றால் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் கறுப்பான காப்பர் சல்பைடு உண்டாகும். செம்பும் சும்மா இருக்காது; ரப்பர் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதை அது விரைவுபடுத்தும். ஒன்றையொன்று அழிக்கிற இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வயர் செய்ய வேண்டியிருந்தது. அதற்காக ஒவ்வொரு செம்பு இழைக்கும் மெல்லிய வெள்ளீயப் பூச்சு கொடுத்தார்கள். பழைய ரப்பர் வயரைச் சீவினால் உள்ளே வெள்ளி போல மின்னுவது அதுதான்.

பிறகு பி.வி.சி. வந்தது. 1926-இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வால்டோ செமன் அதை வளையும்படி செய்யக் கற்றார். தனி பி.வி.சி. விறைப்பானது. தண்ணீர்க் குழாயை எடுத்து வளைத்துப் பார்த்தால் தெரியும். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே எண்ணெய் போன்ற ஒரு குழைமப் பொருளைக் கலந்தால், எண்ணெய் தேய்த்த கூந்தல் இழைகள் போலச் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், வயர் வளையும். வளைகிற பி.வி.சி.யின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இந்தக் குழைமம் இருக்கலாம்.

அந்தக் குழைமம் சங்கிலியோடு வேதிப் பிணைப்பில் இல்லை, இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வருடங்கள் போகப் போக மெல்ல வெளியேறும். மேலே வந்து பிசுபிசுக்கும். தூசியோடு சேர்ந்து கறையாகும். மிச்சமிருக்கும் உறை சுருங்கி, விறைத்து, வளைக்கும்போது விரிசல் விடும். சூட்டில் பி.வி.சி. சிதையத் தொடங்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும்; அது ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கும். பழைய வயரின் முனையை உரித்ததும் செம்புக்குப் பதில் பச்சைப் பிசினோ கறுத்த இழையோ தெரிந்தால் காரணம் இந்த மாதிரி வேதிவினைகள்தான். கறுத்த இழையில் ஈயப்பற்று ஒட்டாது.

இந்த முதுமை ஓடிய தூரத்தைப் பார்த்து வருவதில்லை. ஹைதராபாத்தில் இதை நினைக்கத் தோதான இடம் சௌமஹல்லா அரண்மனை. அங்கே 1912-ஆம் ஆண்டின் மஞ்சள் நிற ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் நிற்கிறது. ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் ஆர்டர் கொடுத்து, அவர் மறைந்த பிறகு வந்து சேர்ந்த கார். விழாக்களுக்கு மட்டும் வெளியே வந்ததால் மிகக் குறைவாகவே ஓடியது. அப்படிப்பட்ட வாகனத்தில் பல்சக்கரமும் பேரிங்கும் இளமையாக இருக்கும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் அப்படி இருக்க முடியாது. ஆக்சிஜனும் வெப்பமும் நின்ற இடத்திலேயே வந்து வேலை செய்யும்.

வெப்பம் எவ்வளவு வேகமாக வேலை செய்யும்? 1930-இல் மான்ட்சிங்கர் என்ற பொறியாளர் டிரான்ஸ்ஃபார்மர் காப்புறைகளை ஆராய்ந்து, வெப்பநிலை 8 பாகை செல்சியஸ் கூடினால் காப்பின் ஆயுள் பாதியாகும் என்று ஒரு கைக்கணக்கு சொன்னார். பொருளுக்குப் பொருள் எண் மாறும்; விதியின் போக்கு மாறாது. மே மாதத்தில் ஹைதராபாத் 40 பாகையைத் தாண்டும். அந்த வெயிலில் நிற்கிற வண்டியின் இரும்பு ஹெட்லைட் கூடு அதைவிடச் சூடாகும். பக்கத்திலேயே எஞ்சினின் சூடும் இருக்கிறது. சென்னைக் கரையோர வண்டிக்கு உப்புக் காற்று எதிரி, செம்பு பச்சை பிடிக்கும். தக்காணத்து வண்டிக்கு வறண்ட சூடு எதிரி, உறை விறைத்து வெடிக்கும். ஒரே தொழிற்சாலையில் கட்டிய வயர், ஊருக்கு ஊர் வேறு விதமாகக் கிழடாகிறது.

மீட்டர் காணாத முறிவு

அடுத்தது இயந்திரச் சோர்வு. லூகாஸ் மரபில் சாதாரண வயர் என்பது 0.3 மி.மீ. தடிமனுள்ள 14 இழைகள். மொத்தம் சுமார் ஒரு சதுர மி.மீ. செம்பு. ஹேண்டில்பாரைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஸ்டீயரிங் தலைக்கருகே அந்த இழைகள் வளைகின்றன. வளைந்து வளைந்து செம்பு இறுகி, இழைகள் ஒவ்வொன்றாக அறும். பதிமூன்று அறுந்து ஒன்று மிஞ்சினாலும் மல்டிமீட்டர் ஓசை எழுப்பி இணைப்பு இருப்பதாகச் சொல்லும். ஏன், லைட்கூட எரியும்! முறிந்த இடத்தின் நீளம் மிகக் குறைவு. அதனால் கூடுகிற மின்தடை மீட்டரில் தெரியாத அளவு சிறியது. ஒரு நாள் ஏதோ ஒரு பள்ளத்தில் கடைசி இழையும் போகும். இருட்டில் வண்டி நிற்கும். இந்தக் குறையைக் கண்டுபிடிக்க விரல்தான் கருவி. அனுபவமுள்ள மெக்கானிக் வயரை இரண்டு விரலுக்கு இடையில் ஓடவிட்டு, திடீரென்று துவளுகிற இடத்தில் நிறுத்துவார். உறைக்குள் செம்பு இல்லாத இடம் அது.

ஒரு கணக்கு

இனி இயற்பியல். பழைய பைக்குகள் பலவும் ஆறு வோல்ட். 35 வாட் ஹெட்லைட் பல்பு 6 வோல்ட்டில் எரிய ஏறக்குறைய 5.8 ஆம்பியர் வேண்டும். ஒரு சதுர மி.மீ. செம்பு வயரின் தடை மீட்டருக்கு 0.017 ஓம். பேட்டரியிலிருந்து ஸ்விட்சுக்கு, அங்கிருந்து ஹேண்டில்பாரின் டிம்-டிப் ஸ்விட்சுக்கு, பிறகு பல்புக்கு என்று பாதை மொத்தம் மூன்று மீட்டர் என வைத்துக்கொள்வோம். அந்த வயரிலேயே 0.3 வோல்ட் தொலையும். பல்புக்குக் கிடைப்பது 5.7 வோல்ட்.

ஐந்து சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. டங்ஸ்டன் இழையின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கைப் பொறுத்தது. அதனால் வோல்ட்டேஜில் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் 16 சதவீதம் குறையும். இது புத்தம் புது வயரின் கணக்கு. நாற்பது வருடத்தில் துருப்பிடித்த நான்கு இணைப்புகள் ஒவ்வொன்றும் 0.025 ஓம் தடை சேர்த்தால் பல்புக்கு வருவது 5.1 வோல்ட், வெளிச்சத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் போய்விடும். இதே 35 வாட் பல்பை இதே கெட்ட வயரில் 12 வோல்ட்டில் எரித்தால் மின்னோட்டம் பாதிதான். இழப்பு சுமார் 12 சதவீதம்தான். ஆறு வோல்ட் வண்டி ஒவ்வொரு இணைப்பின் சுத்தத்தையும் இரக்கமில்லாமல் சோதிக்கிறது.

"அந்தக் கால ஹெட்லைட்டே மங்கல்தான்" என்று பலரும் சொல்வார்கள். அது பெரும்பாலும் வயரின் குற்றம். வண்டியைப் பிரித்துப் போடாமலேயே இதைச் சோதிக்கலாம்: ஹெட்லைட்டை எரியவிட்டு, பேட்டரி முனையில் ஒரு தடவையும் பல்பு முனையில் ஒரு தடவையும் வோல்ட்டேஜ் அளந்து பார்த்தால் எவ்வளவு வழியில் தொலைகிறது என்பது தெரிந்துவிடும். எரியவிட்டே அளக்க வேண்டும். மின்னோட்டம் இல்லாத வயர் எப்போதும் நல்ல வயராகத்தான் தெரியும்.

வயரே மூளை

மின்சாரம் கடத்தும் வேலையை மட்டும் பார்த்தால் புது வயர்தான் வெல்லும். இரண்டாவது வேலைக்கு வருவோம். அங்கேதான் பழைய வயரின் மதிப்பு தெரிகிறது.

லூகாஸின் ஆறு வோல்ட் ஆல்டர்னேட்டர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். இன்றைய பைக்கில் எத்தனை வோல்ட்டேஜ் வேண்டும் என்பதைத் தீர்மானிக்க மின்னணு ரெகுலேட்டர் இருக்கிறது. அந்த ஆறு வோல்ட் அமைப்பில் அது இல்லை. ஆல்டர்னேட்டருக்குள் உள்ள காயில்களிலிருந்து தனித்தனி வயர்கள் வெளியே வந்து லைட் ஸ்விட்சுக்கே போகும். லைட் அணைந்திருக்கும்போது சில காயில்கள் மட்டும் வேலை செய்யும்; ஹெட்லைட்டைப் போட்டதும் ஸ்விட்ச் எல்லாக் காயில்களையும் இணைத்துக்கொள்ளும். தேவை கூடும்போது உற்பத்தியும் கூடும்! ஒரு சில்லுகூட இல்லாமல், ஸ்விட்சின் பித்தளைத் தொடுபுள்ளிகளையும் வயரின் பாதையையும் வைத்தே செய்த கட்டுப்பாடு. அந்தக் கால ஸ்விட்சுகள் பலவற்றில் அவசர ஸ்டார்ட் நிலையும் உண்டு. பேட்டரி செத்துப்போனாலும் ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை நேராக இக்னிஷன் காயிலுக்கு அனுப்பி, ஓர் உதையில் எஞ்சினைக் கிளப்பிவிடும்.

இதை அறியாதவர் பொதுவான ஒரு கிட்டை வாங்கி, நீளத்தை மட்டும் பார்த்து மாட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும்: எல்லாக் காயில்களும் எப்போதும் இணைந்து பேட்டரி கொதிக்கும், அல்லது சில காயில்கள் இணையாமலே போய், லைட் போட்ட இரவில் பேட்டரி தீரும். வயர் ஒவ்வொன்றும் புதிது, ஆனால் வண்டியின் மூளை போய்விட்டது.

பல பிரிட்டிஷ் பைக்குகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சேசிஸில் இணைந்திருக்கும். அந்த எர்த் வயரின் நிறம் சிவப்பு. சிவப்பு என்றால் மின்சாரம் வரும் வயர் என்று பழகிய கை, பேட்டரியைத் தலைகீழாக மாட்டும். ரெக்டிஃபையர் நொடியில் போகும். அந்த மொழி தெரிந்த வயர் கண்முன்னே இருந்தால் இந்தத் தவறு நடக்காது. அதனால் பழைய வயரிங் கட்டை ஒரு வரைபடமாகப் படிக்க வேண்டும். வெளியே நிறங்கள் எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிந்தாலும், டேப்பைப் பிரித்தால் வெயில் படாத உள்பக்கத்தில் நீலம் நீலமாகவே இருக்கும். எங்கே எந்தக் கிளை பிரிகிறது, எந்த நீளத்தில், எந்த மெக்கானிக் எந்தக் காலத்தில் ஒட்டுப் போட்டார் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கிறது. அச்சில் வந்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்தி அது.

புதியதிலும் மூன்று வகை

சந்தையில் கிடைக்கும் புது வயரிங் எல்லாம் ஒன்றல்ல. மலிவான கிட்டில் நிறங்கள் இருக்கிற கையிருப்பைப் பொறுத்தவை. சிலவற்றில் செம்பே இல்லை. அலுமினிய இழைக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அடிக்கடி வளைத்தால் சீக்கிரம் அறும். கண்டுபிடிப்பது எளிது: பிளேடால் ஓர் இழையைச் சுரண்ட வேண்டும். பழைய ரப்பர் வயரில் வெளியே வெள்ளி நிறம், உள்ளே செம்பு. முலாம் பூசிய வயரில் வெளியே செம்பு, உள்ளே வெள்ளி நிறம்.

இரண்டாவது வகை, நேர்மையான மறுபதிப்பு. உள்ளே நவீன காப்புறை, வெளியே பழைய நிறங்கள். தேவைப்பட்டால் அதே பருத்திப் பின்னல். மூன்றாவது, பழைய கட்டை மேசையில் விரித்து வைத்து, அதே பாதையில் நாமே கட்டுவது. எனக்கு இதுதான் பிடித்த வழி. இன்றைய மெல்லிய காப்புறை வயரில் இரண்டு சதுர மி.மீ. செம்பு, பழைய ஒரு சதுர மி.மீ. வயரின் பருமனுக்குள்ளேயே ஏறக்குறைய அடங்கிவிடும். ஹெட்லைட் பாதைக்கு அதைப் போட்டால் வயரில் தொலைகிற வோல்ட்டேஜ் பாதியாகும், தோற்றமும் மாறாது. முனைகளை ஈயம் வைப்பதைவிடச் சரியான கருவியால் நசுக்கிப் பொருத்துவது நல்லது. நன்றாக நசுக்கிய இணைப்பில் செம்பும் பித்தளையும் காற்றுப் புகாதபடி ஒன்றிவிடும். ஈயமோ இழைகளுக்குள் ஏறி அங்கே விறைப்பு உண்டாக்கும், அதிர்வில் வயர் அந்த இடத்தில்தான் அறும். சுற்றுவதற்குப் பசை இல்லாத டேப் வேண்டும். பசை டேப் ஹைதராபாத் வெயிலில் உருகி வழியும். பசையில்லாததில் வயர்கள் உள்ளே வழுக்கி, ஸ்டீயரிங்கோடு சேர்ந்து வளையும்.

ஒன்றைத் தாராளமாகச் சேர்க்கலாம்: ஃப்யூஸ். ஐம்பதுகளின் பைக்குகள் பலவற்றில் அது கிடையாது. ஒரு சதுர மி.மீ. செம்பு சுமார் நூறு ஆம்பியரில் உருகும். நல்ல பேட்டரி ஷார்ட் ஆனால் அவ்வளவும் தரும். அந்த வயர் பெட்ரோல் டேங்க்குக்கு நேர் அடியில் ஓடுகிறது. பேட்டரிக்குப் பக்கத்தில், சீட்டுக்கு அடியில் ஒரு சிறு ஃப்யூஸ் பெட்டி வைப்பதால் வரலாற்றுக்கு எந்தக் குறையும் வராது. வைக்காமல் விட்டால் வண்டியே வரலாறாகிவிடலாம்.

சட்டமும் சாசனமும்

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழைய வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு வி.ஏ. எழுத்துகள் கொண்ட எண். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பதிவு பத்து வருடம் செல்லும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது விதி. அந்தப் பட்டியலில் வயரிங் இல்லை. அதனால் வயரைப் பற்றிய முடிவு சட்டத்தின் கையில் இல்லை. உரிமையாளரின் மனசாட்சியிடம் இருக்கிறது.

அந்த மனசாட்சிக்கு வழிகாட்ட இரண்டு ஆவணங்கள் உண்டு. கட்டிடங்களுக்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், மாற்றிய பாகம் முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதைப் பின்பற்றி, பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் டூரின் சாசனத்தை ஏற்றது. செய்த வேலை அனைத்தையும் ஆவணமாக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

அருங்காட்சியகப் பொருளுக்கும் ஓடும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாம். அங்கே பென்சோனி செதுக்கிய முகத்திரையிட்ட ரெபெக்கா சிலை அசையாமல் நிற்பதே அதன் முழுமை. அதே கட்டிடத்தின் இசைக் கடிகாரத்துக்கு மணி அடிப்பதுதான் உயிர்; அதைக் கேட்கத்தான் கூட்டம் கூடுகிறது. பைக் கடிகாரத்தின் சாதி. ஓடுவது அதன் அழகில் ஒரு பகுதி. யார் கையும் படாமல் முழுசாகத் தப்பிப் பிழைத்த அபூர்வ வண்டி என்றால் வயரைத் தொடாமல், பேட்டரியைக் கழற்றி நிறுத்திவைக்கலாம். சாலையில் ஓடப்போகிற வண்டிக்குப் புதுச் செம்பு கட்டாயம்.

ஆனால் கழற்றிய பழைய கட்டு எங்கே போகிறது என்பதில்தான் எனக்குக் கவலை. பெரும்பாலும் காயலான் கடைக்கு. அங்கே செம்புக்காக அதை எரிப்பார்கள், பி.வி.சி. எரியும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் உண்டு. ஒரு பைக் வயரிங்கில் கிடைக்கும் செம்பு கால் கிலோ அளவுதான். அதற்காக ஒரு காலத்தின் வரைபடத்தையே கொளுத்துகிறோம்.

அதைத் தடுக்கப் பெரிய செலவு இல்லை. கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுக்க வேண்டும். கட்டை மேசையில் விரித்து ஒவ்வொரு கிளையின் நீளம், நிறம், இழை எண்ணிக்கை ஆகியவற்றை நோட்டில் எழுத வேண்டும். புதியதை அதே பாதையில் கட்டிவிட்டு, எதை மாற்றினோம், எதைச் சேர்த்தோம், எந்த ஆண்டில் என்று ஒரு தாளில் குறித்து ஆர்.சி. புத்தகத்தோடு வைக்க வேண்டும். பழைய கட்டைச் சுத்தம் செய்து, துணிப்பையில் போட்டு, சூடில்லாத உலர்ந்த இடத்தில் வைத்து, வண்டி கைமாறும்போது அதையும் கூடவே கொடுக்க வேண்டும்.

நாம் இன்று போடுகிற வயரும் நாற்பது, ஐம்பது வருடத்தில் விறைக்கும். அப்போது வண்டியைத் திறக்கிற ஒருவர் நம்மைச் சந்திக்கப் போவதில்லை. நாம் விட்டுப்போகிற தாளையும் பழைய கட்டையும்தான் படிக்கப் போகிறார். அவருக்கு எழுதுகிறோம் என்ற நினைவோடு வயர் கட்டுகிறவரே உண்மையான மீட்பர். வெளிச்சத்துக்குப் புதிய வயர், செய்திக்குப் பழைய வயர். இரண்டையும் காப்பாற்ற முடியும்போது ஒன்றை எறிய நமக்கு உரிமையில்லை.